பாணந்துறைக்கு மேலே பனிக்கட்டி

எஞ்சினுக்குள் ஐஸ் பிடித்து விமானம் நிற்கப் பார்த்தது என்று நான் சொன்னபோது, எதிரே இருந்த பெரியப்பா சோறு பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எங்கே?”

“பாணந்துறைக்கு மேலே.”

“பாணந்துறையில் ஐஸா?”

மேசை முழுவதும் சிரிப்பு. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபம், பகல் பன்னிரண்டரை மணி. மின்சாரம் போயிருந்தது, ஜெனரேற்றர் விசிறிகளை மட்டும் சுற்றவைத்துக்கொண்டிருந்தது. எல்லோருடைய நெற்றிச் சந்தனமும் வியர்வையில் கரைந்திருந்தது. அங்கே உட்கார்ந்து ஐஸ் பற்றிப் பேசியது எனக்கே பொய் போலத்தான் பட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பெரியப்பா முப்பது வருடம் வங்கியில் காசாளராக இருந்தவர். கணக்கு ஒரு சதம் இடித்தாலும் எழும்பமாட்டார். “விளங்கப்படுத்து” என்றார்.

கை கழுவிவிட்டு அவரை மண்டபத்துக்குப் பின்னால் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே மூன்று பெரிய அடுப்புகள் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் காஸ் கொடுக்கும் சிலிண்டர் ஒன்றின் கீழ்ப்பாதியில் வெள்ளையாக ஒரு பட்டை. சமையல்காரர் அடிக்கொருதரம் ஒரு குவளை சுடுதண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் அடுப்பு தணிந்துவிடும் என்றார். பெரியப்பா சுட்டுவிரலால் அந்த வெள்ளையைச் சுரண்டினார். நகத்தில் ஒட்டிய உறைபனி, அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பதற்குள் தண்ணீராகிவிட்டது. அடுப்பின் அனலில் இருந்து நாலடி தூரத்தில் ஐஸ்.

எஞ்சினுக்குள் நடப்பதும் இதுதான். திரவம் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருப்பதிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. நான் பழகிய செஸ்னா 152 இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, 110 குதிரைவலு கொண்ட சின்ன விமானம். அதன் எஞ்சின் நம்முடைய பழைய மொறிஸ் மைனருக்குச் சொந்தக்காரன். காபரேற்றரில்தான் பெற்றோலும் காற்றும் கலக்கின்றன. ஒடுக்கமான குழாய் வழியே காற்று விரைந்து போகும்போது ஒருமுறை குளிர்கிறது. பெற்றோல் ஆவியாகும்போது இன்னொருமுறை குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தால் 20, 30 பாகை இறங்கிவிடலாம். வெளியே 28 பாகை என்றால் உள்ளே பூச்சியத்துக்குப் பக்கத்தில். காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குழாயின் கழுத்திலும், காற்றை அளந்து விடுகிற தகட்டின் ஓரத்திலும் படிந்து உறைகிறது. கழுத்து நெரிபடுகிறது.

கடுங்குளிர் நாடுகளில் உறைபனிக் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு என்பதுதான் வேடிக்கை. அங்கே காற்று காய்ந்தது. உறைவதற்கு ஈரம் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சிக் கைநூல் 38 பாகை வெப்பத்திலும், 50 சதவீத ஈரப்பதனிலும்கூட காபரேற்றரில் ஐஸ் பிடிக்கலாம் என்கிறது. கொழும்பில் துவைத்துக் காயப்போட்ட சட்டை மாலை வரை ஈரமாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு மேலதிகமாக எதுவும் சொல்லத் தேவையில்லை.

பெரியப்பா நம்பிவிட்டார். ஆனால் அவர் அடுத்துக் கேட்ட கேள்விக்கு என்னால் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “சரி, ஐஸ் பிடித்தது. நீ என்ன செய்தாய்?”

நான் செய்தது பிழை. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

2012ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் பின்னேரம் ஆனால் இடியும் மழையும் வரும், தெரியும்தானே. தெற்குக் கரையில் உள்ள கொக்கலவில் இருந்து, கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள இரத்மலானை விமான நிலையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இடப்பக்க ஆசனத்தில் நான், வலப்பக்கத்தில் என் பயிற்றுநர். வான்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைச் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. கதைக்கவேண்டியதைவிடக் குறைவாகக் கதைக்கும் மனிதர். பேருவளைக்குப் பக்கத்தில் மழை விட்டிருந்தது. இடது பக்கம் கடல் தகரம் மாதிரிப் பளபளத்தது. களுத்துறைத் தாதுகோபத்தைத் தாண்டியதும் உயரத்தைக் குறைக்கத் தொடங்கினேன். 2,000 அடியில் இருந்து மெதுவாகக் கீழே.

இறங்குவதற்காக, எஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலைக் குறைக்கும்போது முதலில் காபரேற்றருக்குச் சூடு கொடுக்கவேண்டும். அதற்கென்று ஒரு குமிழ் இருக்கிறது. இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று காபரேற்றருக்குள் போகும். சமையல்காரரின் சுடுதண்ணீர்க் குவளை மாதிரி. எனக்கு அது தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்று மறந்துவிட்டேன். தாதுகோபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

சுற்று வேகத்தைக் காட்டும் முள் 2,300இல் இருந்தது. சிறிது நேரத்தில் 2,200. நான் எதையும் தொடவில்லை. த்ரொட்டிலைக் கொஞ்சம் முன்னே தள்ளினேன், முள் ஏறியது. மனம் ஆறியது. இன்னும் சிறிது நேரத்தில் மறுபடி 2,200. மறுபடி தள்ளினேன். அந்த இரண்டாவது தள்ளலைப் பற்றித்தான் நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். காரணம் கேட்காமல் கடன் கொடுக்கிறவன் மாதிரி, முள் கேட்டபோதெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆசனம் அதிர்ந்தது. கரடுமுரடான வீதியில் பஸ் போவது போன்ற அதிர்வு. முள் 1,900. அப்போதுதான் சேர் கையை நீட்டிச் சூட்டுக் குமிழை முழுவதுமாக இழுத்தார்.

எஞ்சின் இன்னும் மோசமானது. இருமியது. ஒரு கணம் நின்றே விட்டது போல ஒரு வெறுமை, பிறகு ஒரு குலுக்கல், மறுபடி இருமல். சேர் ஏதோ பிழையாகச் செய்துவிட்டார் என்று என் தலைக்குள் ஓடியது. என் கை அந்தக் குமிழை நோக்கிப் போனது, அதை உள்ளே தள்ளிவிட. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கையை என் கையின்மேல் வைத்தார், பிரசங்கம் கேட்கிற பிள்ளையின் கையைத் தாய் மடியில் அமர்த்திப் பிடிப்பது போல. அப்படியே வைத்திருந்தார். உருகிய ஐஸ் தண்ணீராகி எஞ்சினுக்குள்தான் போகவேண்டும். அதை அது விழுங்கி முடிக்கும்வரை இருமும். சூட்டை நிறுத்தினால் பாதி உருகியது மறுபடி உறையும். இருபது விநாடி இருக்குமா? முள் ஒரு துள்ளல் துள்ளி மேலே ஏறியது. எஞ்சின் பழைய குரலில் பேசத் தொடங்கியது. கீழே பாணந்துறைப் பாலத்தில் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

தரையிறங்கி, விமானத்தைக் கட்டி, கதவைச் சாத்தும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஆங்கிலத்தில் ஒரே வசனம்: “இரண்டு முறை த்ரொட்டிலைத் தள்ளினாய், நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.”

எஞ்சின் பழுதாவதைப் பற்றி ஆட்கள் நினைத்திருப்பது ஒரு திடீர் நிசப்தத்தை. விசிறி நிற்கிறது, எல்லாம் அமைதியாகிறது, விமானம் கல்லைப் போல் விழுகிறது. முதலில் கல் கதையை முடித்துவிடுகிறேன். எஞ்சின் நின்றாலும் இறக்கை நிற்பதில்லை. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி மணிக்கு 60 கடல் மைல் வேகத்தைப் பிடித்துக்கொண்டால், செஸ்னா 152 ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல் மிதந்து போகும். கிட்டத்தட்ட 2.8 கிலோமீற்றர். 2,000 அடியில் இருப்பவனுக்கு மூன்று நிமிட அளவு கிடைக்கும். மூன்று நிமிடம் நிறைய நேரம், தேநீர் ஊற்றலாம்.

உண்மையில் ஆளைக் கொல்வது எஞ்சின் முழுதாக நிற்பதைவிட, பாதி நிற்பது. அவுஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் ஒற்றை எஞ்சின் விமானங்கள் மேலெழும்பியவுடன் வலு இழந்த சம்பவங்களை ஆராய்ந்தது. 2000 முதல் 2010 வரை, வலு ஒரு பகுதி மட்டும் போனவை 242. முழுதாக நின்றவை 75. பாதி போனவற்றில் 9 விபத்துகள் உயிர்களைக் கொண்டுபோயின. முழுதாக நின்ற 75இல் உயிரிழப்பு ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கை முதலில் படித்தபோது எண்கள் இடம் மாறிவிட்டனவோ என்று திரும்பப் பார்த்தேன். பிறகு என் கை ஞாபகம் வந்தது. முழுதாக நின்ற எஞ்சின் உன்னிடம் எதையும் மறைப்பதில்லை. செத்தவீடு, அழுதுவிட்டு ஆகவேண்டியதைப் பார்க்கலாம். பாதி உயிரோடு இருக்கும் எஞ்சின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசல் மாதிரி. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், “இதோ சரியாகிவிடும்” என்று சொல்லும். அதை நம்பி விமானி உயரத்தைக் கொடுக்கிறான், வேகத்தைக் கொடுக்கிறான், கீழே நல்ல வயல் ஒன்று இருந்தபோது அதைக் கடக்கவிடுகிறான். கடைசியில் எஞ்சின் கையை விரிக்கும்போது அவனிடம் ஒன்றுமே மிச்சமில்லை.

அதில் மிகக் கொடியது ‘வீட்டுக்குத் திரும்பிவிடலாம்’ என்ற ஆசை. மேலெழும்பி 400, 500 அடியில் எஞ்சின் கெடுகிறது. ஓடுபாதை முதுகுக்குப் பின்னால், அவ்வளவு கிட்ட. திரும்பினால் போதும். ஆனால் 180 பாகை திரும்பினால் ஓடுபாதை முன்னால் இருக்காது, பக்கத்தில் இருக்கும். அதற்கும் மேலே திரும்பிப் பிறகு நேராக்கவேண்டும். மெதுவாகத் திரும்பினால் உயரம் போதாது. இறுக்கித் திருப்பினால் இறக்கைக்குப் பாரம் கூடுகிறது. 45 பாகை சாய்த்தால் இறக்கை தன் தாங்குசக்தியை இழக்கும் வேகம் 19 சதவீதம் உயர்கிறது; 60 பாகைக்கு 41 சதவீதம். பயத்தில் மூக்கை உயர்த்தி இழுக்கிறவனுக்கு அந்த வேகமும் கையில் இராது. ஓர் இறக்கை சட்டென்று கீழே போகும். அந்த உயரத்தில் அதை மீட்க இடமில்லை.

ஆகவே சேர் ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்னும், ஓடுபாதையின் தொடக்கத்தில், சத்தமாகச் சொல்ல வைப்பார். மனதுக்குள் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார். எஞ்சின் நின்றால் எங்கே போவாய்? இரத்மலானையில் இதற்கு இரண்டு பதில்தான். தென்மேற்கே எழும்பினால் முன்னால் காலி வீதி, வீடுகள், ரயில் பாதை, அப்பால் கடல். வடகிழக்கே எழும்பினால் அத்திடிய, பெல்லன்வில சதுப்பு நிலம். “கடற்கரை” அல்லது “சதுப்பு”. ‘திரும்புவேன்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. தரையில் இருக்கும்போதே அந்த ஓடுபாதையை மனதளவில் கைகழுவிவிடவேண்டும் என்பது அவர் கொள்கை. விமானம் காப்புறுதிக்காரருடையது, உயிர் உன்னுடையது என்பார். பயிற்சிக் கழகத்தின் முதலாளி பக்கத்தில் இல்லாதபோது மட்டும்.

எஞ்சின் கெடுவதற்கு ஐஸ் ஒன்றுதான் காரணமா என்றால் இல்லை. பெரும்பாலான காரணங்கள் மிகச் சாதாரணமானவை, சொல்ல வெட்கமானவை. பெற்றோல் முடிந்துவிடுவது. பெற்றோல் இருந்தும் எஞ்சினுக்குப் போகாதிருப்பது. 1997ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் மொன்டரே விரிகுடாவில் ஒரு புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் தானே ஓட்டிப்போன சிறு விமானம் கடலில் விழுந்தது. ஒரு தாங்கியில் இருந்து மற்றதற்கு மாற்றும் கைப்பிடி அவருடைய இடது தோளுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. அதைப் பிடிக்க உடம்பைத் திருப்பியபோது கால் தன்னையறியாமல் திசைமாற்றி மிதியை அழுத்தியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. ஒரு கைப்பிடி வைத்த இடம்!

பிறகு தண்ணீர். எங்கள் கொட்டகையில் ஒரு யாழ்ப்பாணத்து மெக்கானிக் இருந்தார், நாங்கள் ‘அண்ணை’ என்று கூப்பிடுவோம். விமானப் பெற்றோலுக்கு இளநீல நிறம் போட்டிருப்பார்கள். பறப்புக்கு முன் இறக்கைக்கு அடியில் உள்ள சிறு அடைப்பானைத் தெளிந்த பிளாஸ்டிக் குவளையால் அழுத்திக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கவேண்டும். தண்ணீர் பாரமானது, பெற்றோலுக்கு அடியில் போய்க் கண்ணாடிக் குண்டுமணி மாதிரி உருண்டு நிற்கும். ஒரு காலை நான் எடுத்துப் பார்த்தேன், உருண்டை எதுவும் இல்லை. “சுத்தமாக இருக்கிறது அண்ணை” என்றேன். அவர் குவளையை வாங்கி ஆகாயத்துக்கு எதிராகப் பிடிக்காமல், தன் வெள்ளைச் சட்டைப் பைக்கு எதிராகப் பிடித்தார்.

“தம்பி, நிறம் எங்கே?”

நிறம் இல்லை. குவளை முழுவதும் தண்ணீர். உருண்டையைத் தேடிய என் கண்ணுக்கு, எல்லாமே தண்ணீராக இருந்தது தெரியவில்லை. நீல ஆகாயத்துக்கு எதிரே பிடித்ததால் நீலமாகவும் தெரிந்தது. முந்தைய நாள் தாங்கியைப் பாதியோடு விட்டிருக்கிறார்கள், இரவெல்லாம் மழை. தாங்கி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அண்ணை பதினொரு குவளை எடுத்துக் கொட்டிய பிறகுதான் நீலம் வந்தது. யாரையும் திட்டவில்லை. அந்த ரப்பர் வளையத்தை மட்டும் என் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

2022இல் பெற்றோல் வரிசையில் மணிக்கணக்காக நின்றபோது, முன்னால் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் போத்தலில் சேர்த்து வைத்திருந்த பெற்றோலைத் தாங்கிக்குள் ஊற்றப்போனார். “கொஞ்சம் பொறுங்கள், வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்” என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தாரா, ஊற்றினாரா என்று நிற்கவில்லை, வரிசை நகர்ந்துவிட்டது.

பறக்கப் பழகியவனுக்கு வேறொரு நோயும் ஒட்டிக்கொள்கிறது. எந்தத் திறந்த வெளியைப் பார்த்தாலும் இறங்கலாமா என்று கண் அளக்கும். செஸ்னா 152 தரையைத் தொட்ட பிறகு நிற்க 145 மீற்றர் அளவு வேண்டும். ஓரத்தில் 50 அடி மரம் இருந்தால் அதைத் தாண்டி இறங்கி நிற்க 365 மீற்றர். அதுவும் காய்ந்த ஓடுபாதைக்குச் சொன்ன கணக்கு. பாடசாலைக் கிரிக்கெட் மைதானங்கள் எல்லாம் இதில் அடிபட்டுப்போகும். காலி முகத்திடலில் நீளம் இருக்கிறது, ஆனால் பட்டம் விடுகிறவர்களும் கடலை வண்டிகளும் இல்லாத நேரம் எது? கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரில் உண்மையிலேயே விமானத்தளமாக இருந்தது. 1942 ஏப்ரலில் யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது பிரித்தானியப் போர் விமானங்கள் அங்கிருந்தும் எழும்பின. இன்று அங்கே கடைகள், ஐஸ்கிரீம், விளக்குக் கம்பங்கள். நகரத்துக்குள் எஞ்சின் நின்றால் கொழும்பு உங்களுக்கு வைத்திருப்பது தண்ணீரும் சதுப்பும்தான். சதுப்பும் வருடா வருடம் மண் கொட்டி நிரப்பப்பட்டு வருகிறது.

நகரத்துக்கு வெளியே நிலைமை கொஞ்சம் தேவலை. வயல் மேலிருந்து பார்க்கப் படுக்கை விரித்தது போலிருக்கும், நம்பக்கூடாது. இளம்பச்சை என்றால் அடியில் சேறு. முன் சில்லு புதைந்து விமானம் குப்புறக் கவிழும். வைக்கோல் நிறமாக இருந்தால் அறுவடை முடிந்து காய்ந்தது, அதைத் தேடு. வரப்புக்குக் குறுக்கே போகாதே, வரப்போடு போ. மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேடு, இரண்டு கம்பத்துக்கு இடையில் கம்பி இருக்கிறது என்று நம்பு. தென்னந்தோப்புத்தான் என்றால் மரத்தில் மூக்கைக் கொடுக்காதே. இரண்டு மரத்துக்கு நடுவே உடலை விட்டு இறக்கைகளை மரங்களுக்குக் கொடுத்துவிடு. இறக்கை உடைந்து போகும்போது வேகத்தையும் கொண்டுபோகும்.

வேகம்தான் எல்லாம். மணிக்கு 80 கிலோமீற்றரில் முட்டும் விமானம், மனித உடல் தாங்கக்கூடிய அளவில் நிற்க, சீராக நசுங்குவதற்கு மூன்று மீற்றர் அளவு தூரம் கிடைத்தால் போதும். 160இல் முட்டினால் அதைப்போல நான்கு மடங்கு வேண்டும். ஆகவே காற்றுக்கு எதிரே, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஆனால் கடைசிவரை பறந்துகொண்டே. கட்டுப்பாட்டோடு மரத்தில் முட்டியவர்கள் நடந்து வெளியே வந்திருக்கிறார்கள். கட்டுப்பாடில்லாமல் நல்ல வயலில் விழுந்தவர்கள் வரவில்லை. அவசர அலைவரிசை 121.5, அடையாளக் கருவியில் 7700 என்ற ஆபத்துக் குறியீடு, மூன்று முறை ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பு என்பதெல்லாம் கை சும்மா இருந்தால். கோபுரத்தில் இருப்பவர் உன்னைத் தாங்கிப் பிடிக்கப் போவதில்லை. தரையைத் தொடுமுன் பெற்றோலையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவைச் சற்றுத் திறந்துவிடு. சட்டகம் நெளிந்தால் பிறகு திறக்காது.

மேற்குக் கரையில் பறக்கும் நமக்கு எளிதாகத் தோன்றுவது கடற்கரை. 2021இல் பயாகலைக் கடற்கரையில் ஒரு சிறு விமானம் அவசரமாக இறங்கியபோது உறவினர் வாட்ஸ்அப் குழு முழுவதும் அந்தப் படம்தான், பெரியப்பாவும் “ஐஸா?” என்று எனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தார். அலை வந்து திரும்பிய ஈர மணல் இறுகியது, சில்லைத் தாங்கும். மேலே உள்ள காய்ந்த மணல் தாங்காது. இது புத்தகம் சொல்வது. புத்தகம் அதிகம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எஞ்சின் நின்ற விமானம் சத்தமில்லாமல் வரும். அலைச் சத்தத்தில் முதுகுக்குப் பின்னால் அது வருவது யாருக்கும் கேட்காது. 2017 ஆகஸ்டில் போர்த்துக்கல்லில், லிஸ்பனுக்கு அருகே கப்பரிக்காக் கடற்கரையில், எஞ்சின் நின்ற ஒரு விமானம் விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே இறங்கியது. உள்ளே இருந்த இருவருக்கும் ஒன்றுமில்லை. மணலில் இருந்த 56 வயது மனிதர் ஒருவரும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இறந்தார்கள். அது செஸ்னா 152. நான் பழகிய அதே வகை.

அந்தச் செய்தியைப் படித்த இரவு சேரை நினைத்துக்கொண்டேன். அப்போது அவர் ஓய்வெடுத்துக்கொண்டு கண்டிப் பக்கம் போய்விட்டிருந்தார். என் அனுமதிப்பத்திரமும் புதுப்பிக்காமல் காலாவதியாகியிருந்தது. எனக்கு ஞாபகம் வந்தது நாங்கள் கடைசியாகச் சேர்ந்து பறந்த நாள். ஓடுபாதைத் தொடக்கத்தில் நின்றோம். எஞ்சினை 1,700 சுற்றுக்கு உயர்த்திப் பார்த்தாயிற்று. சூட்டுக் குமிழை இழுத்தேன், முள் சற்று விழுந்தது, தள்ளினேன், ஏறியது. தென்மேற்கே முகம். காலி வீதிக்கு அப்பால் கடல் வெளிறிக் கிடந்தது. வழக்கம் போலச் சத்தமாகச் சொன்னேன்: ஓடுபாதை மிச்சம் இருந்தால் அதிலேயே இறங்குவேன். எழும்பிவிட்டால் திரும்பமாட்டேன். மூக்கைத் தாழ்த்துவேன், 60ஐப் பிடிப்பேன், கடற்கரையில் ஈர மணலில் இறக்குவேன்.

சேர் தலையாட்டவில்லை. வாரை இறுக்கிக்கொண்டு முன்னால் பார்த்தபடி கேட்டார்.

“இன்றைக்கு என்ன நாள்?”

“ஞாயிறு, சேர்.”

“பௌர்ணமிப் போயா நாள். பிள்ளைகள் எல்லாம் மணலில் இருப்பார்கள். நீ தண்ணீருக்குள் போ.”

த்ரொட்டிலைத் தள்ளினேன்.